யார் புதைத்த காசு?

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவில் வந்த காக்கா, சொக்லட் பெட்டிகளுக்கும் அத்தர் போத்தல்களுக்கும் நடுவிலிருந்து சின்னப் பிளாஸ்ரிக் உறை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே ஒரு செப்புக் காசு. நம்முடைய ஒரு ரூபாய்க் குற்றியை விடச் சின்னது. ஓரம் ஒழுங்கில்லாமல், பச்சையும் கறுப்புமாகக் களிம்பு பிடித்திருந்தது.

"உரோமக் காசு. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல. நீ சரித்திரம் தானே படிக்கிற, வெச்சுக்கோ" என்றார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. வாப்பாவின் மூக்குக் கண்ணாடியை இரவல் வாங்கி, போன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் முத்துப் பட்டி கட்டிய ஒரு தலை. மறுபக்கம் ஒரு படைவீரன், குதிரையோடு சரிந்து விழுகின்ற ஒருவனை ஈட்டியால் குத்துகிறான். விழுகின்றவன் ஒரு கையைத் தூக்கியபடி இருக்கிறான். இணையத்தில் தேடிப் பார்த்ததில், இது இரண்டாம் கொன்ஸ்தாந்தியஸ் என்ற பேரரசன் காலத்து வகை, கி.பி. 348 அளவில் வெளிவரத் தொடங்கியது என்று தெரிந்தது. சுற்றி இருந்த லத்தீன் எழுத்துகளுக்கு 'நல்ல காலம் திரும்பி வந்துவிட்டது' என்று அர்த்தமாம். அந்த அரசன் பாரசீகர்களோடு ஆண்டுக் கணக்காகப் போர் செய்துகொண்டிருந்த காலம் அது. நல்ல காலம் என்று எழுதிவிட்டுக் கீழே ஒருவனைக் குத்துகின்ற படத்தைப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த நாள் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். வகுப்பே சுற்றி நின்றது. ஒருத்தி விலை கேட்டாள். ஒருத்தி, "இது லட்சக் கணக்கில போகும்டி, டிக்டொக்கில பார்த்தனான்" என்றாள். சரித்திர ஆசிரியை மட்டும் காசைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க எடுத்தது?" என்று கேட்டார். நான் "தோஹாவில, ஒரு பழஞ்சாமான் கடையில" என்றேன். "கடையைக் கேட்கல்ல. எந்த மண்ணில இருந்து எடுத்தது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. காக்காவிடம் கேட்டேன். கடைக்காரர் 'ஷாம்' என்று சொன்னாராம். அவ்வளவுதான். ஷாம் என்பது ஒரு ஊரல்ல. சிரியாவும் அதைச் சுற்றியுள்ள நாடுகளும் சேர்ந்த பெரிய நிலப்பரப்பு.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லவருவது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். போர்க்காலத்துப் பழங்காசுகளைச் சேகரிப்பது நல்ல பொழுதுபோக்கு என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கே அந்த ஆசை இருக்கிறது. ஆனால் 'எங்கே எடுத்தது' என்று சொல்ல முடியாத காசை நாம் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பது என் கருத்து. காக்காவும் இதை வாசிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில், போர்க் காசுகள் ஏன் மனிதர்களை இப்படிப் பிடித்து இழுக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். உலகச் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுகின்றவற்றுள் கார்த்தேஜ், உரோம் ஆகிய இரண்டு நகரங்களும் மோதிக்கொண்ட காலத்துக் காசுகளும் அடங்கும். கார்த்தேஜ் இன்றைய துனீசியாவின் கரையில் இருந்த வணிக நகரம். கி.மு. 264 முதல் 146 வரை அது உரோமோடு மூன்று போர்கள் செய்தது. இரண்டாவது போரில்தான் ஹனிபால் யானைகளோடு அல்ப்ஸ் மலையைக் கடந்தான். யானையை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த யானைப்பாகனுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள், எதில் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கார்த்தேஜ் நூற்றாண்டுக் கணக்காக வியாபாரம் செய்த நகரம். ஆனாலும் அது தன் வியாபாரத்துக்காகக் காசு அடிக்கத் தொடங்கவில்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் சிசிலித் தீவில் சண்டை செய்யக் கூலிப்படைகளைக் கூட்டியபோதுதான் முதன்முதல் காசு அடித்தார்கள். அந்த வெள்ளிக் காசுகளில் குதிரையும் ஈச்ச மரமும் இருக்கும். சிலவற்றில் பியூனிக் எழுத்தில் 'முகாமின் மக்கள்' என்று பொறித்திருக்கிறது. முகாம் என்றால் படைமுகாம். சம்பளக் காசு என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

சம்பளம் கொடுக்க முடியாமற் போனபோது நடந்ததும் காசில் இருக்கிறது. கி.மு. 241இல் முதலாம் போரில் கார்த்தேஜ் தோற்றது. 3200 தாலந்து வெள்ளி தண்டம் கட்ட வேண்டி வந்தது. கூலிப்படைக்குக் கொடுக்கப் பணமில்லை. அவர்கள் கலகம் செய்தார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்ட லிபியர்கள், கார்த்தேஜின் காசுகளையே எடுத்து, அவற்றின் மேல் தங்களுடைய அச்சை அடித்து, 'லிபியர்களுடையது' என்று கிரேக்க எழுத்தில் பொறித்தார்கள். அச்சுக்குக் கீழே பழைய படம் இன்னும் மங்கலாகத் தெரிகின்ற காசுகள் இருக்கின்றனவாம். பாடப் புத்தகத்தில் ஒரு பந்தியில் முடிந்துபோகின்ற கலகம், கைக்குள் அடங்குகின்ற ஒரு வட்டத்துக்குள் கிடக்கிறது.

உரோமின் பக்கமும் இதே கதைதான். அவர்களுடைய 'அஸ்' என்ற வெண்கலக் காசு ஆரம்பத்தில் ஏறக்குறைய 324 கிராம் எடை. அதைக் காசு என்பதா, தராசுப் படி என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஹனிபாலோடு போர் செய்த சில வருடங்களுக்குள் அது ஆறில் ஒரு பங்காக, 54 கிராம் அளவுக்குக் குறைந்துவிட்டது. பெயர் அதே பெயர். கி.மு. 211 அளவில், அந்தப் போரின் நடுவிலேயே, 10 அஸ் பெறுமதியுள்ள ஒரு புதிய வெள்ளிக் காசை வெளியிட்டார்கள். அதுதான் டெனாரியஸ்.

இந்தப் பெயரை நம் வாசகிகள் வேறு விதமாக அறிவார்கள். ஸூரா ஆலு இம்ரானின் 75ஆவது வசனத்தில் வருகின்ற 'தீனார்' என்ற சொல்லுக்கு மூலம் அந்த டெனாரியஸ்தான். ஸூரா யூஸுபில், யூஸுப் நபியை விற்ற அற்ப விலையாகச் சொல்லப்படும் 'திர்ஹம்' கிரேக்கரின் திராக்மாவிலிருந்து வந்தது. ஹிஜ்ரி 77இல் கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான் உருவப்படம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் உள்ள தங்கத் தீனாரை அடித்தார். அதற்கு ஓரிரு வருடங்களுக்குள், கி.பி. 698இல், கார்த்தேஜ் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. அந்த வட ஆபிரிக்க மண்ணில் முதலில் அடிக்கப்பட்ட இஸ்லாமியக் காசுகளில் அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்ற கருத்து லத்தீன் எழுத்தில் இருந்தது. அங்கிருந்த மக்கள் வாசிக்கத் தெரிந்த எழுத்து அது என்பதால். இஸ்லாமிய நாகரிகம் பாடத்தில் நாணயச் சீர்திருத்தம் என்று ஒரு வரியை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறோம். இதைச் சொல்லிக்கொடுத்தால் யாராவது மறப்பார்களா?

நான் மிகவும் நேரம் செலவழித்து வாசித்தது இன்னொரு விஷயம். போர்க் காசு அடிக்க வெள்ளியும் பொன்னும் எங்கிருந்து வந்தன? கொஞ்சம் பெண்களின் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் வந்தன. கி.மு. 216இல் கன்னே என்ற இடத்தில் ஹனிபால் உரோமப் படையை அழித்தான். அடுத்த ஆண்டே உரோமில் ஒப்பியன் சட்டம் வந்தது. எந்தப் பெண்ணும் அரை அவுன்சுக்கு மேல் பொன் வைத்திருக்கக் கூடாது, பல நிற உடை உடுக்கக் கூடாது, நகருக்குள் வண்டியில் போகக் கூடாது. உரோமரின் அரை அவுன்ஸ் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் பவுண். போர் கி.மு. 201இல் முடிந்தது. சட்டம் முடியவில்லை. கி.மு. 195இல் பெண்கள் வீட்டை விட்டு இறங்கித் தெருக்களை நிரப்பி நின்றார்கள். கேட்டோ என்ற பெரிய மனிதர் 'பெண்களுக்கு இடம் கொடுத்தால் தலையில் ஏறுவார்கள்' என்ற தோரணையில் எதிர்த்துப் பேசினார். அப்படியிருந்தும் சட்டம் நீக்கப்பட்டது. எதிர்ப் பக்கத்தில், கி.மு. 149இல் உரோமப் படை கார்த்தேஜை முற்றுகையிட வந்தபோது, அந்த நகரத்துப் பெண்கள் கல்லெறி பொறிகளுக்குக் கயிறு திரிக்கத் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள் என்று அப்பியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். மூன்று வருடங்களில் நகரம் எரிந்தது. ஆகவே 'போர்க் காசு' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதில் தளபதியின் வீரத்தை மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தக் காசுகள் நம் கைக்கு எப்படி வருகின்றன? பெரும்பாலும் புதையலாக. மைக்கேல் குரோஃபோர்ட் என்ற ஆய்வாளர் 1969இல் ஒரு கட்டுரை எழுதினார். இத்தாலியில் கிடைத்த புதையல்களைக் காலவரிசைப்படி அடுக்கிப் பார்த்தால், ஹனிபாலின் போர்க் காலத்திலும் பின்னர் உள்நாட்டுப் போர்க் காலங்களிலும் எண்ணிக்கை சட்டென்று கூடுகிறது. அதற்குக் காரணம் போர்க் காலத்தில் மட்டும் மக்கள் புதைத்தார்கள் என்பதல்ல. வங்கி இல்லாத காலத்தில் எல்லோரும் எப்போதும் புதைத்தார்கள். அமைதியான காலத்தில் திரும்பி வந்து தோண்டி எடுத்துக்கொண்டார்கள். போர்க் காலத்தில் புதைத்தவர் திரும்பி வரவில்லை. இன்று ஒருவர் கையில் இருக்கின்ற புதையல் என்பது, திரும்பி வராத ஒருவரின் சாமான்.

இதை வாசித்த அன்று நான் எழுந்துபோய் மூத்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எங்கள் மூத்தம்மாவின் பழைய வளவு ஆலையடிவேம்புப் பக்கத்தில், இப்போது நாங்கள் இருக்கின்ற இடத்திலிருந்து சில ஒழுங்கைகள் தள்ளி இருக்கிறது. 1990ஆம் ஆண்டுப் பிரச்சினைக்குள் ஓர் இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். வெளிக்கிட முதல் மூத்தம்மா ஒரு பிஸ்கட் ரின்னைச் சீலைத் துண்டில் சுற்றி, கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் புதைத்தாராம். உள்ளே அவருடைய காப்புகள், ஒரு வெள்ளி அரைஞாண், அவருடைய வாப்பா கொடுத்த பழைய காசுகள். ஒரு கிழமையில் திரும்பி வரலாம் என்ற எண்ணம். திரும்பிப் போய்ப் பார்க்கப் பல மாதங்கள் சென்றன. கூரை இல்லை, வாழையும் இல்லை. இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் காணியை விற்றுவிட்டார்கள்.

நான் நேசரிக்குப் போகின்ற காலத்தில் ஒருநாள், அந்த வளவை வாங்கியிருந்த தமிழ்க் குடும்பத்து அம்மா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மலசலகூடத்துக்குக் குழி வெட்டியபோது ஒரு ரின் கிடைத்ததாம். துருப் பிடித்து அடி கழன்றுபோயிருந்தது. "உம்மா, இது உங்கட ஆக்கள்ட சாமானா இருக்கும் எண்டு நினைச்சன். இந்த வளவில முதல் இருந்தது ஆரெண்டு கேட்டுக் கேட்டு வாறன்" என்றார். ஒரு பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கிடைத்து ஒரு வருடத்துக்குக் கிட்ட என்றும், கொண்டுவரத் தயக்கமாக இருந்தது என்றும் அவரே சொன்னாராம்.

காப்பு ஒன்று குறைவு என்று உம்மா பிறகு சொன்னார். மூத்தம்மா அதை அந்த அம்மாவிடம் கேட்கவே இல்லை. "அந்த இருட்டுக்குள்ள எத்தனை வெச்சன் எண்டு எனக்கே ஞாபகமில்ல" என்பார். இரண்டு பேரும் அன்றைக்குத் தேத்தண்ணி குடித்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. காசுகளை மூத்தம்மா என் கையில் கொட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

அந்த ரின் ஏன் திரும்பி வந்தது? அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று கண்டெடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. 'இந்த வளவில் முன்பு யார் இருந்தார்கள்' என்ற ஒரு கேள்வியை அவர் கேட்டார். அதையே பழைய இரும்பு வாங்க வருபவரிடம் கொடுத்திருந்தால், கொழும்பில் ஒரு கடையில் 'யுத்தகால சிலோன் காசுகள், நல்ல நிலை' என்று தனித்தனி உறைகளில் தொங்கியிருக்கும். வாங்குகின்றவருக்கு மூத்தம்மாவையும் தெரிந்திருக்காது, கிணற்றடியையும் தெரிந்திருக்காது. என் மேசையில் இருக்கின்ற உரோமக் காசைப் பற்றி நான் இருப்பதும் அதே நிலையில்தான்.

நமது மார்க்கச் சட்டமும் இந்தக் கேள்வியைக் கேட்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். கண்டெடுத்த பொருளை 'லுகதா' என்பார்கள். எடுத்தவர் ஒரு வருடம் அதை அறிவித்து உரியவரைத் தேட வேண்டும். அறியாமைக் காலத்தில் புதைக்கப்பட்ட செல்வம் 'ரிகாஸ்'. அதில் ஐந்தில் ஒன்று கொடுக்கப்பட வேண்டும். இது லுகதாவா, ரிகாஸா என்று எப்படிப் பிரிப்பது? அந்தப் பொருளில் இருக்கின்ற அடையாளத்தையும் கிடைத்த இடத்தையும் பார்க்க வேண்டும் என்று ஷாபிஈ சட்ட நூல்கள் சொல்கின்றன. காசின் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது, யாருடைய நிலத்தில் கிடந்தது என்று பாராமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த அம்மா கித்தாபு ஓதியவர் அல்லர். ஆனால் ஒரு வருடம் கழித்தாவது உரியவரைத் தேடி வந்தார்.

சிரியாவுக்கு வருகிறேன். 2011இல் அங்கு போர் தொடங்கிய பிறகு, அபாமியா என்ற பழைய உரோம நகரத்தின் இடிபாடுகளில் ஆயிரக் கணக்கான குழிகள் தோண்டப்பட்டன. வானிலிருந்து செய்மதி எடுத்த படங்களைப் பார்த்தால் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல இருக்கிறது. அந்தக் குழிகளிலிருந்து கிளம்பியவை காசும் சிலையும் மணியும். காசுதான் ஒளித்துக் கடத்த இலேசானது. 2015 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2199ஆம் இலக்கத் தீர்மானத்தில், 2011 மார்ச் 15க்குப் பிறகு சிரியாவிலிருந்தும், 1990 ஓகஸ்ட் 6க்குப் பிறகு ஈராக்கிலிருந்தும் சட்டத்துக்கு மாறாக வெளியே போன தொல்பொருள்களின் வியாபாரத்தைத் தடுக்கும்படி நாடுகளுக்குச் சொன்னது. 1990 ஓகஸ்ட் என்றதும் நம் கரையோர ஊர்களில் வேறு ஞாபகங்கள் வரும். அதே மாதங்களில்தான் மூத்தம்மாவும் ரின்னைப் புதைத்தார்.

காக்கா கொண்டுவந்த காசு அந்தக் குழிகளில் ஒன்றிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு முன்பு எடுத்ததாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். ஒரு காசு போரில் அடிக்கப்பட்டு, போரில் புதைக்கப்பட்டு, இன்னொரு போரில் தோண்டப்பட்டு, சில றியாலுக்கு விலைபோய், ஒரு தங்கச்சிக்குப் பெருநாள் பரிசாக வரக்கூடிய நிலை இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

"நான் வாங்காட்டி இன்னொருவன் வாங்குவான்" என்றார் காக்கா. இந்த வாதத்தை வைத்து எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்தலாம். அவருடைய இன்னொரு வாதம் பலமானது. "சேகரிச்ச ஆக்கள் இல்லாட்டி இந்தக் காசெல்லாம் உருக்கிச் செம்பாப் போயிருக்கும். நூதனசாலையில இருக்கிறதும் ஆரோ வாங்கினது தானே?" உண்மை. பழைய நூதனசாலைகள் பலவற்றின் நாணயப் பெட்டிகள் தனிமனிதச் சேகரிப்புகளில் தொடங்கியவை. ஆனால் அவற்றில் எவை இன்று நமக்குப் பேசுகின்றன என்று பார்க்க வேண்டும்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 உரோமத் தங்கக் காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலையின் மேல் உளியால் ஒரு வெட்டு. தேய்ந்துபோன காசைப் புழக்கத்திலிருந்து விலக்க இங்குள்ளவர்களே வெட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. இத்தனையும் ஒரே இடத்தில் ஒன்றாகக் கிடைத்ததாலும், உடனே ஒருவர் எண்ணி எழுதிவைத்ததாலும்தான் இந்தக் கேள்வியே பிறந்தது. ஐந்நூற்றொன்றும் தனித்தனியாகச் சந்தைக்குப் போயிருந்தால் ஒவ்வொன்றும் 'சேதமடைந்த காசு, விலை குறைவு' என்று போயிருக்கும்.

நம் நாட்டிலும் அப்படித்தான். நாலாம், ஐந்தாம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள், என்னிடம் இருப்பது போன்ற பொடிக் காசுகள், இலங்கையில் ஆயிரக் கணக்கில் கிடைத்திருக்கின்றன. 1907இல் ஜோன் ஸ்டில் அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1924இல் கொட்ரிங்டன் தன் நாணய நூலில் விரிவாக எழுதினார். எங்கே கிடைத்தது என்று அவர்கள் குறித்துவைத்ததால்தான், உரோமிலிருந்து வந்தவை எவை, அவற்றைப் பார்த்து இங்கேயே அடிக்கப்பட்ட போலிகள் எவை என்று பிறகு வந்தவர்களால் பிரிக்க முடிந்தது.

நம் தீவின் அரசர்களும் காசைப் பார்த்தே தூரத்து நாடுகளை அளந்தார்கள் என்று இரண்டு கதைகள் உண்டு. முதலாவதைப் பிளினி எழுதினார். குலோதியஸ் பேரரசன் காலத்தில் காற்றில் அடிபட்டு இங்கே கரையொதுங்கிய ஒருவனிடம் இருந்த டெனாரியஸ் காசுகளில், முகங்கள் வேறு வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைக் கண்டு நம் அரசன் வியந்து உரோமுக்குத் தூது அனுப்பினானாம். பாவம், குலோதியஸுக்கு அடுத்து வந்த நீரோ கி.பி. 64இல் அதே டெனாரியஸின் எடையையும் வெள்ளியையும் குறைத்துவிட்டான். இரண்டாவது கொஸ்மாஸ் ஆறாம் நூற்றாண்டில் எழுதியது. உரோம வணிகன் சோபாத்தரும் ஒரு பாரசீக வணிகனும் இலங்கை அரசன் முன் 'எங்கள் அரசனே பெரியவன்' என்று வாதாடினார்கள். சோபாத்தர், இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், பாருங்கள் என்று தன் தங்கக் காசையும் அவனுடைய வெள்ளிக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தானாம். அரசன் தங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னான். எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை குறைவு. சொன்னவன் உரோமப் பக்கத்துக்காரன். ஆனாலும் போர் செய்யும் இரண்டு வல்லரசுகளும் நம் கரையில் காசாகச் சந்தித்தன என்பது பொய்யல்ல.

இனிச் சொல்வது பெற்றோர்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம். 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் மண்ணிலிருந்து கிடைத்தால் அறிவிக்க வேண்டும். நம் பகுதியில் எத்தனை பேர் அறிவிப்பார்கள்? 'சொன்னால் காணி போயிடும்' என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். 2020 ஜூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது ஆரம்பத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. தமிழும் முஸ்லிமும் பெரும்பான்மையாக வாழ்கின்ற மாகாணத்தின் பழைமையைப் பற்றிப் பேச எங்களில் ஒருவர் கூட இல்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி.

ஆனால் பயத்தில் நாம் செய்கின்ற காரியம் நமக்கே எதிரானது. கிடைத்ததை ஒளிக்கிறோம், அல்லது இரவில் வருகின்ற புதையல்காரனுக்கு விற்கிறோம். அத்தோடு அந்த மண்ணில் யார் யார் வாழ்ந்தார்கள், யார் யாரோடு வியாபாரம் செய்தார்கள் என்பதற்கான சாட்சியும் போய்விடுகிறது. காலியில் 1911இல் ஒரு பொறியியலாளர் மதகு ஒன்றை மூடியிருந்த கல்லைத் திருப்பிப் பார்த்தார். சீனம், தமிழ், பாரசீகம் மூன்று மொழிகளில் எழுத்து. சீன முஸ்லிம் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு 1409இல் வெட்டப்பட்ட கல்வெட்டு. பாரசீகப் பகுதி நம் மார்க்கத்தைப் பேசுகிறது. தமிழ்ப் பகுதி தெய்வந்துறை நாயனாரைப் பேசுகிறது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் மூடியிருந்தால்? நாம் இந்தத் தீவில் நேற்று வந்தவர்கள் என்று யாராவது சொல்லும்போது காட்டுவதற்கு ஒரு கல் குறைந்திருக்கும்.

சேகரிக்க ஆசையுள்ள தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டு அலுமாரியிலேயே போர்க் காசுகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது சிலோனின் ஒரு சதம் மெலிந்தது. 1942 முதல் சதுர ஐந்து சதம் மஞ்சள் நிற உலோகத்துக்கு மாறியது. மூத்தம்மாவின் ரின்னில் அப்படி நாலு இருந்தன. சில்லறை போதாமல் 1942இல் சதங்களுக்கே தாளில் காசு அச்சிட்டார்கள். ஐந்து சதத் தாளின் நடுவில் முத்திரைக்கு இருப்பது போல் துளை வரிசை இருக்கும். கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மறு பக்கம் மூன்று சதம். என் வகுப்புத் தோழி வீட்டில் மூன்று சதப் பாதி மட்டும் ஒன்று இருக்கிறது. மற்றப் பாதியைக் கொடுத்து அவளுடைய பூட்டன் என்ன வாங்கினாரோ.

இவற்றுக்குச் சந்தையில் பெரிய விலை இல்லை. ஆனால் 'எங்கே எடுத்தது' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஒரு கொப்பி எடுத்து, யார் கொடுத்தது, அவருக்கு எப்படி வந்தது, எந்த வருடம் என்று எழுதிவைக்க ஒரு பின்னேரம் போதும். எங்கள் கல்லூரியில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து இரவலாக இவற்றைக் காட்சிப்படுத்தலாம் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறோம். பரீட்சை முடியட்டும் என்றிருக்கிறார்கள்.

காக்காவின் காசை நான் எறியவில்லை. திருப்பிக் கொடுப்பதற்கும் முகவரி இல்லை. உறைக்குள் ஒரு சிறு தாள் வைத்திருக்கிறேன். 'தோஹாவில் வாங்கியது. விற்றவர் ஷாம் என்றார். வேறு விபரம் இல்லை' என்று எழுதி, திகதி போட்டிருக்கிறேன். மூத்தம்மாவிடம் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஈட்டிக்காரனையும் விழுகின்றவனையும் தடவிப் பார்த்துவிட்டு, "இதைப் பொதைச்சவள் எங்க போனாளோ" என்றார். புதைத்தது ஒரு பெண்தான் என்று அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.